டீசல் சொட்டாத லீக்: பழைய டீசல் காரில் காற்று நுழையும் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

பகலெல்லாம் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகிற டீசல் கார், காலையில் மட்டும் செல்ஃப் அடித்து அடித்து பேட்டரியே இறங்கும் அளவுக்கு இழுத்தடிக்கிறது. ஒருவழியாகக் கிளம்பினால் அரை நிமிடம் நொண்டுகிறது, அப்புறம் எதுவுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது. முதலில் பேட்டரி மாற்றுவார்கள். அடுத்து, குளிர்ந்த எஞ்சினைச் சூடாக்கிக் கொடுக்கும் ஹீட்டர் பிளக். அதற்கும் மசியவில்லை என்றால் "பம்ப் போச்சு சார்" என்று, டீசலை அழுத்தி எஞ்சினுக்கு அனுப்பும் பம்பைக் கழற்றி, சோதித்துச் சரிசெய்யும் பெஞ்சுக்கு அனுப்புவார்கள். பம்ப் திரும்பி வந்து பொருத்திய பிறகும் காலையில் அதே கதை தொடரும். ஏனென்றால் பல வண்டிகளில் கோளாறு பம்பில் இல்லை. டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் எங்கோ ஒரு வெடித்த ரப்பர் ஓஸ் வழியாகக் காற்று உள்ளே போய்க்கொண்டிருக்கிறது.

இங்கே பேசுவது மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய டீசல் கார்களைப் பற்றி. அம்பாசடர் டீசல், 1998 கடைசியில் வந்த முதல் டாடா இண்டிகாவின் 1405 சிசி எஞ்சின், பெஜோவின் 1527 சிசி எஞ்சின் பொருத்திய மாருதி ஜென் டீசல், பழைய மஹிந்திரா ஜீப்புகள் எல்லாம் இந்த ரகம். எலக்ட்ரானிக் முறையில் டீசல் தெளிக்கும் புதிய காமன் ரெயில் வண்டிகளிலும் காற்று நுழையும், ஆனால் அங்கே அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். கீழே சொல்லும் வேலைகள் எல்லாவற்றையும் அவற்றில் செய்து பார்க்கக் கூடாது.

காற்று புகுந்தால் ஏன் ஓடாது?

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை இறுக்கிச் சூடாக்குகிறது, அந்தச் சூட்டுக்குள் நாசில் டீசலைப் பொடித்தூறலாகத் தெளிக்கிறது, அது தானாகவே பற்றிக்கொள்கிறது. நாசிலுக்குள் ஒரு ஊசி, அதை மூடி அழுத்திக்கொண்டு ஒரு ஸ்பிரிங். இந்தப் பழைய எஞ்சின்கள் பலவற்றில் அந்த ஊசி எழும்பவே ஏறத்தாழ 120 முதல் 150 பார் அழுத்தம் வேண்டும். கார் டயரில் நாம் அடிப்பது 2 பார் சொச்சம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இவ்வளவு அழுத்தத்தையும் உண்டாக்குவது பம்புக்குள் இருக்கும், குட்டி பிஸ்டன் மாதிரியான ஒரு பிளஞ்சர். ஒரு தடவைக்கு அது தள்ளும் டீசல் ஒரு சொட்டு அளவுதான், பெரும்பாலும் அதற்கும் குறைவு. டீசல் ஏறக்குறைய சுருங்காத திரவம் என்பதால் இவ்வளவு சிறிய அசைவுக்கே அழுத்தம் விருட்டென்று ஏறிவிடும். அந்த இடத்தில் ஒரு காற்றுக்குமிழ் உட்கார்ந்துவிட்டால் எல்லாம் கெட்டது. பிளஞ்சர் தள்ளும், குமிழ் சுருங்கும். பிளஞ்சர் பின்வாங்கும், குமிழ் பழையபடி விரியும். 120 பார் எட்டவே எட்டாது, ஊசியும் எழும்பாது. எஞ்சின் எவ்வளவு சுற்றினாலும் சிலிண்டருக்குள் ஒரு துளி டீசல் போகாது. ஏர் லாக் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

ஸ்டார்ட் ஆகாத தொல்லை மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. இந்தக் கார்கள் பலவற்றில் இருப்பது ரோட்டரி பம்ப், அதாவது சுழலும் ஒரே தலையிலிருந்து எல்லா சிலிண்டருக்கும் டீசலைப் பிரித்துக் கொடுக்கும் ரகம். அதற்குத் தனி ஆயில் கிடையாது. அதன் உள்பாகங்களுக்கு டீசல்தான் உயவு. காற்றும் டீசலும் கலந்து போகும் பம்ப் நாளாவட்டத்தில் உள்ளே தேயும். "கொஞ்சம் லேட்டா ஸ்டார்ட் ஆகுது, அவ்வளவுதானே" என்று விட்டுவிடுவதில் இந்த ஆபத்து இருக்கிறது. நல்ல பம்ப் கடைசியில் நிஜமாகவே கெட்டுப்போகும்.

ஏன் கண்ணில் படுவதில்லை?

லீக் என்றதும் நம் கண் ஈரத்தைத்தான் தேடும். கீழே சொட்டு விழுந்திருக்கிறதா, ஓஸ் நனைந்திருக்கிறதா என்று பார்ப்போம். காய்ந்திருந்தால் "லீக் இல்லை" என்று முடிவு கட்டிவிடுவோம். இந்தக் கோளாறு இத்தனை பேரைச் சுற்றவிடுவதற்குக் காரணம் இந்த ஒரு நினைப்புதான்.

டேங்க் வண்டியின் பின்பக்கம், தாழ்வான இடத்தில் இருக்கிறது. பம்ப் முன்பக்கம், உயரத்தில். ரோட்டரி பம்ப் வைத்த பல கார்களில் டீசலைத் தள்ளிக்கொடுக்கத் தனி ஃபீட் பம்ப் இல்லை. ரோட்டரி பம்புக்குள்ளேயே இருக்கும் ஒரு சிறிய விசிறிப் பம்ப்தான் டேங்கிலிருந்து ஃபில்டர் வழியாக டீசலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் பாதையில் உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்கே ஒரு ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும்.

இளநீர்க் கடை ஸ்ட்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் கீறல் விழுந்த ஸ்ட்ராவில் எவ்வளவு இழுத்தாலும் பாதி காற்றுதான் வாய்க்கு வரும், வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது. அதே ஸ்ட்ராவின் மேல்முனையை விரலால் மூடித் தூக்கினால் உள்ளே இளநீர் அப்படியே நிற்கும், விரலை எடுத்ததும் கீழே இறங்கிவிடும். ராத்திரி நின்றிருக்கும் காரில் நடப்பது இந்த இரண்டாவது விஷயம். எஞ்சினை அணைத்த பிறகும் பம்ப், ஃபில்டர், நீளமான குழாய் எல்லாவற்றிலும் டீசல் நிரம்பி நிற்க வேண்டும். மேலே எங்காவது காற்று நுழைய இடம் கிடைத்தால் அந்த டீசல் தன் எடையாலேயே டேங்குக்குத் திரும்பி இறங்கும். பம்புக்கும் டேங்குக்கும் அரை மீட்டர் உயர வித்தியாசம் என்றால் அந்த இழுப்பு 0.04 பார்தான். அற்பம். ஆனால் ராத்திரி முழுக்க இடைவிடாமல் இழுக்கிறது, முடி அளவு விரிசலே அதற்குப் போதும்.

காலையில் சாவி போட்டால் எஞ்சின் நிமிடத்துக்கு 200 சுற்று அளவில்தான் சுழல்கிறது, பம்ப் அதில் பாதி வேகத்தில். அந்த வேகத்தில் காலிக் குழாயிலிருந்து காற்றை இழுத்துத் தள்ளி, பின்னாலிருந்து டீசலைக் கொண்டுவருவது பம்புக்குப் பெரும் பாடு. இழுத்தடிப்பது அதனால்தான்.

ஃபீட் பம்ப் உள்ள வண்டிகளில் கணக்கு கொஞ்சம் மாறும். பழைய அம்பாசடர் டீசலில் எஞ்சின் பிளாக்கில் பொருத்திய, கையால் அடிக்க லீவர் வைத்த ஃபீட் பம்ப் உண்டு. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உறிஞ்சும் பகுதி, அங்கே ஓட்டை என்றால் காற்று நுழையும். ஃபீட் பம்பைத் தாண்டினால் தள்ளும் பகுதி, அங்கே ஓட்டை என்றால் டீசல் வெளியே கசியும். உங்கள் வண்டியில் ஃபீட் பம்ப் எங்கே இருக்கிறது, இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொண்டாலே தேடும் தூரம் பாதியாகக் குறைந்துவிடும்.

கை வைக்கும் முன் வண்டியைக் கவனியுங்கள்

ஸ்பானரை எடுப்பதற்கு முன் வண்டி எப்படித் தகராறு செய்கிறது என்று கவனிப்பது நல்லது. பத்து நிமிடம் அணைத்துவிட்டுப் போட்டால் உடனே பற்றுகிறது, ராத்திரி நின்றால் மட்டும் இழுக்கிறது என்றால் டீசல் மெதுவாக இறங்குகிறது என்று பொருள். சாவி போட்டதும் உடனே ஸ்டார்ட் ஆகி, சில நொடி நன்றாக ஓடி, அப்புறம் திணறி நின்றுபோகிறதா? அப்படியானால் பம்புக்குள் டீசல் இருந்திருக்கிறது. பின்னால் குழாயில் ஒரு காற்றுப்பொதி நின்றிருக்கிறது, அது நகர்ந்து பம்புக்கு வந்ததும் எஞ்சின் செத்துவிடுகிறது. முதலிலிருந்தே பற்றாமல் இழுக்கிறது என்றால் பம்பே காலியாகியிருக்கலாம். ஓடும்போதே ஐடிலில் தடுமாறி, ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி விட்டுவிட்டு இழுக்கிறது என்றால் ஓட்டை பெரிது.

நிறுத்தும் இடத்தை மாற்றிப் பாருங்கள். முன்பக்கம் தாழ்வாக இருக்கும்படி சரிவில் ஒரு ராத்திரி நிறுத்துங்கள். பின்னால் இருக்கும் டேங்க் இப்போது உயர்ந்துவிட்டதால் டீசல் திரும்பி இறங்க வழியில்லை. மறுநாள் காலை ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆனால் காற்றுக் கோளாறுதான் என்று ஏறக்குறைய உறுதி. முகம் மேலே பார்க்க நிறுத்தினால் மோசமாகும். டேங்க் நிறைய இருக்கும்போது நன்றாக இருந்து, பாதிக்குக் கீழே போனால் மட்டும் தொல்லை தருகிறதா என்பதையும் பாருங்கள். டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சுகுழாய் துருப்பிடித்து நடுவில் ஓட்டை விழுந்திருந்தால் டீசல் மட்டம் அந்த ஓட்டைக்கு மேலே இருக்கும்வரை தெரியாது, கீழே போனதும் காற்றை இழுக்க ஆரம்பிக்கும்.

அடுத்தது புகை. இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். எஞ்சின் பற்றவில்லை, ஆனால் வெள்ளையாகப் புகை வருகிறது என்றால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, எரியத்தான் இல்லை. ஹீட்டர் பிளக்கையோ கம்ப்ரஷனையோ பேட்டரியையோ பார்க்க வேண்டும். புகையே இல்லை என்றால் டீசல் போகவே இல்லை. காற்றாக இருக்கலாம், அடைப்பாக இருக்கலாம், அல்லது சாவியை அணைத்ததும் டீசலை நிறுத்தும் மின் வால்வான, பம்பின் ஸ்டாப் சாலினாய்டு வேலை செய்யாமல் இருக்கலாம். சாவியைத் திருப்பும்போது பம்பிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டால் சாலினாய்டு அசைகிறது. காசு செலவில்லாத இந்தப் புகைச் சோதனையைச் செய்யாமல் நான்கு ஹீட்டர் பிளக்குகளை மாற்றுகிறவர்கள் நிறையப் பேர்.

டேங்க் மூடியையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே போனால் டேங்கின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. அதுவும் டீசலைத் தடுக்கும், அதுவும் காற்றுக் கோளாறு மாதிரியே தோற்றம் காட்டும்.

குமிழைக் கண்ணால் பார்ப்பது

சந்தேகம் வலுத்துவிட்டதா? இனி காற்றை நேரில் பார்க்கலாம். அதற்குத் தேவை ஒரு அடி நீளத்துக்குக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டியூப். கொத்தனார்கள் தண்ணீர் வைத்து மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் அதே ரகம் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். பல கார்களில் உள்விட்டம் 8 மில்லிமீட்டர் சரியாக இருக்கும், ஆனால் வாங்கும் முன் பழைய ஓஸை அளந்துகொள்ளுங்கள். ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகும் ரப்பர் ஓஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதைப் போடுங்கள். இரண்டு முனையிலும் நல்ல கிளிப் போட வேண்டும். இல்லாவிட்டால் டியூபின் முனையிலேயே காற்று புகுந்து, இல்லாத லீக்கைத் தேடி அலைவீர்கள். ஃபேன், பெல்ட், சைலன்சர் மேனிஃபோல்டு பக்கம் டியூப் சாயாமல் கட்டிவையுங்கள்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டுப் பாருங்கள். புதிதாகக் கழற்றி மாட்டியதால் முதல் சில நிமிடம் குமிழ் வருவது இயல்பு. அதன் பிறகும் ஊசிமுனைக் குமிழ்கள் வரிசையாக வந்துகொண்டே இருந்தால், ஆக்சிலரேட்டர் கொடுத்தால் இன்னும் அதிகமானால், டேங்குக்கும் இந்த டியூபுக்கும் நடுவில்தான் ஓட்டை. இப்போது அதே டியூபை ஃபில்டருக்கு முன்னால் மாற்றிப் போடுங்கள். அங்கே குமிழ் இல்லை என்றால் ஃபில்டர் தலை, அதன் ரப்பர் ரிங்குகள், ஏர் எடுக்கும் (உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றும்) ஸ்குரூ, கைப்பம்ப் இவற்றில் ஒன்றுதான் குற்றவாளி. அங்கும் குமிழ் வந்தால் டேங்கை நோக்கிப் போய்க்கொண்டே இருங்கள். இப்படிப் பாதையை வெட்டி வெட்டிக் குறுக்கினால் ஒரே மதியத்தில் ஓட்டையின் பக்கத்துக்கே வந்துவிடலாம்.

இங்கே ஏமாறவும் இடமிருக்கிறது. ஃபில்டரோ டேங்குக்குள் இருக்கும் வலையோ அடைபட்டிருந்தால் பம்ப் அதிக விசையோடு இழுக்கும். அந்த இழுப்பில் டீசலில் கரைந்திருக்கும் காற்றே பிரிந்து குமிழாக வெளிவரும். எங்கும் ஓட்டை இல்லாமலே குமிழ் தெரியும். அதனால் ஃபில்டர் மாற்றி நாளாகியிருந்தால் முதலில் அதை மாற்றிவிட்டு அப்புறம் டியூப் சோதனைக்குப் போவது புத்திசாலித்தனம்.

ஓடும்போது ஒரு குமிழும் இல்லை, ஆனால் காலையில் மட்டும் தொல்லை என்றால்? டியூபை ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் சாவி போடும் முன் பானெட்டைத் திறந்து பாருங்கள். டியூப் காலியாக இருந்தால் டீசல் இறங்கியிருக்கிறது. ஓட்டை அவ்வளவு சிறியது, ஓட்டத்தில் தன்னைக் காட்டிக்கொள்ளாத ரகம்.

கேன் சோதனை

எனக்கு ஒரே ஒரு சோதனைதான் அனுமதி என்றால் இதைத்தான் தேர்வு செய்வேன். சுத்தமான டீசல் ஊற்றிய 5 லிட்டர் கேனை எஞ்சினைவிட உயரமான இடத்தில், சாயாதபடி கட்டிவையுங்கள். டேங்கிலிருந்து வரும் பாதையைத் துண்டித்துவிட்டு, கேனிலிருந்து ஒரு ஓஸை நேராக பம்பின் உள்வழிக்குக் கொடுங்கள், நடுவில் ஒரு சின்ன இன்லைன் ஃபில்டர் வைத்து. பம்பிலிருந்து டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் ஓஸையும் கேனுக்குள்ளேயே விடுங்கள். கார் இப்போது தன் டேங்கையே மறந்துவிட்டது. ஏர் எடுத்து ஸ்டார்ட் செய்து, கொஞ்சம் ஓடவிட்டு அணையுங்கள். ராத்திரி நிற்கட்டும்.

காலையில் உடனே பற்றி, பம்பின் மேல் ஈரமும் இல்லாவிட்டால் பம்ப் நன்றாக இருக்கிறது. கோளாறு பழைய பாதையில். காலையிலும் அதே இழுப்பு என்றால் பம்பிலோ, அதன் மேலே உள்ள ஓஸ்களிலோ, எஞ்சினிலோ பார்க்க வேண்டும். கேன் உயரத்தில் இருப்பதால் இன்னொரு லாபமும் உண்டு. இதுவரை காற்றை இழுத்துக்கொண்டிருந்த பம்பின் கசிவுகள் இப்போது டீசலை வெளியே விடும், ஈரமாகத் தெரியும். பம்பைக் கழற்றிப் பெஞ்சுக்கு அனுப்பலாம் என்று யாராவது சொன்னால், அதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்தார்களா என்று கேளுங்கள். செய்யாமல் அனுப்புவது ஊகம், அதுவும் உங்கள் செலவில்.

ஓட்டையை ஈரமாக்கிக் காட்டும் இன்னொரு வழி, பாதைக்குள் மெல்லிய அழுத்தம் கொடுப்பது. ஃபில்டர் பக்கம் கைப்பம்ப் இருந்தால், சில கார்களில் அது ரப்பர் பந்தாக இருக்கும், அதைக் கெட்டியாகும்வரை அடியுங்கள். கைப்பம்புக்கும் ரோட்டரி பம்புக்கும் நடுவில் உள்ள இணைப்புகளில் அழுத்தம் ஏறும். முன்னதாக எல்லா இணைப்புகளையும் துணியால் நன்றாகத் துடைத்து, மேலே முகப்பவுடரைத் தூவிவிடுங்கள். வெள்ளைப் பவுடரில் ஊசிமுனை ஈரம்கூடக் கறையாகத் தெரியும். டேங்க் பக்கத்துப் பாதைக்குக் காற்றழுத்தம் கொடுக்க வேண்டியிருந்தால் 0.2 பாருக்கு மேல் போக வேண்டாம், பட்டறை கம்ப்ரசரை நேராக வைக்கவே கூடாது. டேங்க் அதற்கு ஆனதல்ல.

இன்னொரு தந்திரமும் உண்டு. எஞ்சின் ஓட, டியூபில் குமிழ் வர, சந்தேகப்படும் ஒவ்வொரு இணைப்பின் மேலும் கிரீஸைத் தாராளமாக அப்புங்கள். எந்த இடத்தில் அப்பியதும் குமிழ் நிற்கிறதோ அதுதான் இடம். துடைக்கும் வேலைதான் கொஞ்சம் எரிச்சல்.

வழக்கமான குற்றவாளிகள்

நான் முதலில் பார்க்கச் சொல்வது நாசில்களின் தலையில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும் மெல்லிய ஓவர்ஃப்ளோ ஓஸ்களை. மேலே நூல் பின்னிய, விரலைவிட மெல்லிய ஓஸ். எஞ்சின் சூட்டுக்கு நேர் மேலே பல வருடம் வெந்துபோய், தொட்டால் நொறுங்கும் அளவுக்குக் காய்ந்திருக்கும். ஓடும்போது லேசாக வியர்க்கும், நின்றபின் அதே விரிசலில் காற்றை உள்ளே விடும். ரிட்டர்ன் பாதை டேங்குக்கு இறங்குவதால் அந்தப் பக்கமாகவும் பம்ப் காலியாகும் என்பதை மறந்துவிடுகிறோம். வரிசையில் கடைசி நாசிலில் ஒரு சின்ன ரப்பர் மூடி இருக்கும், அது வெடித்திருந்தாலும் இதே கதைதான். மொத்தத்தையும் புதிதாக மாற்றினாலும் செலவு அற்பம். சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பழைய வண்டியில் இதை மாற்றிவிடலாம்.

அடுத்து ஃபில்டர். நடுப்போல்ட் போட்டு இறுக்கும் பழைய கேவ் ரக ஃபில்டரில் எலிமென்டுக்கு மேலும் கீழும் ரப்பர் ரிங்குகள் உண்டு. எலிமென்டோடு புது ரிங்குகளும் வரும். அவசரத்தில் பழைய ரிங் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்க அதன் மேலேயே புதியதைப் போட்டுவிடுவார்கள். ஃபில்டர் மாற்றிய மறுநாளே தொல்லை ஆரம்பித்தால் இதைத்தான் நினைக்க வேண்டும். ஃபில்டர் தலையில் உள்ள கைப்பம்பின் உள் ரப்பர் கிழிந்திருப்பதும் சகஜம்.

ஓஸ் முனைகள் கிளிப்புக்குள் இறுகி விறைத்துப்போகும். விறைத்த ஓஸின் மேல் கிளிப்பை இன்னும் முறுக்கினால் ரப்பர் வெட்டுப்படும், லீக் நிற்காது. நீளம் இருந்தால் முனையில் ஒரு அங்குலம் நறுக்கிவிட்டு மாட்டலாம், இல்லாவிட்டால் ஓஸையே மாற்ற வேண்டும். பாஞ்சோ போல்டுகளை (டீசல் உள்ளே ஓடும் துளையுள்ள போல்டுகளை) கழற்றினால் இரண்டு பக்கமும் புதிய காப்பர் வாஷர் போட வேண்டும். கிடைக்காத இடத்தில் பழைய வாஷரைச் சிவக்கச் சூடாக்கி ஆறவைத்துப் போட்டால் மறுபடி மென்மையாகி அமரும். பாஷ் ரோட்டரி பம்பில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உள்வழி பாஞ்சோ போல்டும் வெளிவழி போல்டும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், ஆனால் வெளிவழி போல்டுக்குள் துளை மிகச் சிறியது. இரண்டையும் மாற்றிப் போட்டால் வண்டி ஓடாது, கோளாறு தேடுகிறேன் என்று புதிதாக ஒரு கோளாறை நாமே உண்டாக்கியிருப்போம்.

அடியில் ஓடும் இரும்புக் குழாயை, உடம்போடு பிடித்திருக்கும் கிளிப்புகளின் அடியில் பாருங்கள். மண்ணும் ஈரமும் அங்கேதான் தங்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர் வண்டிகளில் உப்புக்காற்று இதைச் சீக்கிரமே தின்றுவிடும்.

பம்பின் மேல்மூடி ரப்பரும், ஆக்சிலரேட்டர் லீவர் சுழலும் தண்டின் ரப்பர் ரிங்கும் கடைசியில் வரும். ஓடும்போது பம்பின் உடலுக்குள் சில பார் அழுத்தம் இருப்பதால் இவை டீசலை வெளியே விடும், நின்றதும் காற்றை உள்ளே எடுக்கும். பம்பின் மேல்பகுதி எப்போதும் டீசல் பிசுக்கோடு இருந்தால் இங்கே பாருங்கள். டீசலே மாறிவிட்டதும் ஒரு காரணம். 2020 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் டீசலில் கந்தகம் 10 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். கந்தகத்தைப் பிரித்தெடுக்கும் சுத்திகரிப்பு டீசலின் மற்றச் சேர்மானங்களையும் மாற்றுகிறது. பழைய டீசலில் ஊறி உப்பிப்போயிருந்த நைட்ரைல் ரப்பர் ரிங்குகள் புதிய டீசலில் சுருங்கக்கூடும். அமெரிக்காவில் 1993-ல் கந்தகம் குறைந்த டீசல் வந்தபோது பழைய பம்புகள் கசிய ஆரம்பித்தது இப்படித்தான். மாற்றும்போது வைட்டான் ரப்பர் ரிங்காகக் கேட்டு வாங்குங்கள்.

சரிசெய்த பின் ஏர் எடுப்பது

ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, குமிழ் இல்லாமல் டீசல் மட்டும் வரும்வரை கைப்பம்பை அடித்து, டீசல் வழியும்போதே ஸ்குரூவை இறுக்குங்கள். அம்பாசடரில் உள்ளது போன்ற டிபிஏ ரக ரோட்டரி பம்பில் பம்பின் உடலிலும் ஏர் ஸ்குரூக்கள் உண்டு. ஃபில்டரில் ஆரம்பித்து பம்பை நோக்கி வரிசையாக வர வேண்டும். அப்புறமும் பற்றவில்லை என்றால் இரண்டு நாசில்களின் பைப் நட்டை அரைச் சுற்று தளர்த்தி, டீசல் வரும்வரை செல்ஃப் அடித்துவிட்டு இறுக்கலாம். ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் அடிக்க வேண்டாம், ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நடுவில் ஓய்வு கொடுங்கள். தெறிக்கும் இடத்தில் கையை வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது. காமன் ரெயில் வண்டியில் இந்த நட்டைத் தொடவே கூடாது.

ஏர் ஃபில்டர் வாயில் பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டியோ ஸ்ப்ரே அடித்தோ ஸ்டார்ட் செய்யும் வழக்கமும் இருக்கிறது. ஹீட்டர் பிளக் சிவந்திருக்கும் எஞ்சினில் அந்த ஆவி நேரம் தவறிப் பற்றினால் பிஸ்டனே உடையலாம்.

சிலர் ஓட்டையைத் தேடாமல் குழாயில் ஒருவழி வால்வு ஒன்றை மாட்டிவிடுவார்கள். டீசல் இறங்காது, காலையில் ஸ்டார்ட்டும் ஆகும். ஆனால் ஓடும்போது காற்று நுழைவது நிற்காது, பம்ப் தேய்வதும் நிற்காது. வால்வின் இரண்டு முனைகளால் புதிதாக இரண்டு இணைப்புகள் வேறு கூடிவிடும். ஓட்டையை அடைத்தபின் கூடுதல் பாதுகாப்பாக வேண்டுமானால் போடலாம், அடைக்காமல் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வேலை முடிந்த அன்று ராத்திரியும் கண்ணாடி டியூபைக் கழற்றாமல் விட்டுவையுங்கள். காலையில் சாவி போடும் முன் டீசல் நிரம்பி நின்றால் டியூபை எடுத்துவிட்டு டீசலுக்கான ரப்பர் ஓஸைப் போடுங்கள். வேலைதான் செய்கிறதே என்று டியூபையே நிரந்தரமாக விட்டால் எஞ்சின் சூட்டிலும் டீசலிலும் அது விறைத்து, அடுத்த லீக் அதன் கிளிப்பிலிருந்தே ஆரம்பிக்கும்.